மஹிந்திரா தாரில் இரண்டாவது பேட்டரி: நெல்லைப் பக்கம் யார் செய்வார்கள்?

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. என் தார் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் சின்ன ஃப்ரிட்ஜுக்காக 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி தனியாக வைக்கப் போகிறேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடினாலும் காலையில் வண்டி செல்ஃப் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்ம வண்ணார்பேட்டையில் விசாரித்தால், இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் வெறும் ரிலே போதும் என்கிறார்கள். பிஎஸ்6 (புகை விதி) வண்டிகள் பலவற்றில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்குமே, அப்புறம் லித்தியம் எப்படி முழுசாகச் சார்ஜ் ஏறும்? அந்த வோல்டேஜை லித்தியத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி என்று எனக்குப் படுகிறது. அதில் 20 ஆம்பியர் போதுமா, 40 வேண்டுமா?

பானட்டுக்குள் வைக்க மனசில்லை. இன்ஜின் சூட்டோடு நம்ம ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். பின்னால் வைத்தால் கேபிள் நீளும், வோல்டேஜும் குறையும். எத்தனை ஸ்கொயர் எம்எம் தடிமன் கேபிள் போட்டீர்கள்? கேபிளின் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் உண்டு, அதில் பேரம் கிடையாது.

பாளை, தென்காசி, நாகர்கோவில் பக்கம் இதில் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் இருந்தால் சொல்லுங்கள்.