பழைய வீட்டு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது எதைப் பார்க்கச் சொல்வது?

கேள்வி – சாக்பீஸ்

வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற ஆண்டு 42 மாணவர்களை, அருங்காட்சியகமாகப் பேணப்படும் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். வீட்டுக்கு உரியவர் பிறந்த ஆண்டு, வகித்த பதவிகள், மறைந்த ஆண்டு ஆகியவற்றை வழிகாட்டி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முன்னால் நின்ற ஏழெட்டுப் பேருக்கு மட்டுமே அது காதில் விழுந்தது. மற்றவர்கள் முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் பேருந்தில் ஏறிவிட்டோம்.

மறுநாள் எழுதச் சொன்ன கட்டுரையில் ஏறக்குறைய எல்லோரும் தகவல் பலகையில் இருந்ததையே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு மாணவன் மட்டும், "பின்பக்கச் சின்ன அறையின் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வெளியே மட்டும் இருக்கிறது. உள்ளே இருந்தவர் யார்?" என்று கேட்டு முடித்திருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அந்தக் கதவைக் கவனிக்கவே இல்லை. இந்த ஆண்டும் அதே வீட்டுக்குச் செல்லவிருக்கிறோம். இப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் பத்துப் பேருக்காவது எழ வேண்டுமானால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் – பழையசாவி

வணக்கம் அம்மா. நான் இப்படிப்பட்ட ஒரு வீட்டில் பல ஆண்டுகள் வழிகாட்டியாகவும் பொருள் பராமரிப்பிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த மாணவன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தாழ்ப்பாள் வீட்டோடு பிறந்ததா, அல்லது பின்னால் யாரோ பொருத்தியதா? கதவின் உட்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மெழுகோ மக்கோ வைத்து அடைத்த ஆணித் துளைகள் தெரிந்தால் அங்கே முன்பு ஒரு தாழ்ப்பாள் இருந்திருக்கிறது. வெளித் தாழ்ப்பாளின் அடியில், கதவில் மற்ற இடங்களில் உள்ள பழைய வண்ணப்பூச்சு தொடர்ந்து போகிறது என்றால் அது வண்ணம் பூசிய பிறகு வந்தது. உள்ளே ஒருவரை அடைத்து வைத்தார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், தானியமோ பாத்திரமோ வைத்துப் பூட்டிய அறையா, அருங்காட்சியகம் ஆன பிறகு நிர்வாகம் பொருத்தியதா என்ற இரண்டையும் தள்ளிவிட வேண்டும்.

இந்தச் சந்தேகத்தை எல்லாப் பொருள்களிடமும் காட்டலாம். லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் வாழ்ந்த வீடு, அவர் விட்டுச் சென்றபடியே இருக்க வேண்டும் என்று 1833-இல் நாடாளுமன்றச் சட்டமே இயற்றப்பட்டது. அவர் மறைந்தது 1837-இல். அங்கே ஒரு பொருள் இருக்கும் இடமே ஒரு சான்று. பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் பேறு இல்லை; அறைகலன்கள் விற்கப்பட்டோ பங்கு பிரிக்கப்பட்டோ போயிருக்கும், அதே காலத்தைச் சேர்ந்த வேறு பொருள்களை வாங்கி வைத்திருப்பார்கள். "இந்த அறையில் இந்த வீட்டுக்கே உரியவை எவை?" என்று மாணவர்கள் கேட்டால், ஒப்பித்துப் பழகிய வழிகாட்டியும் ஒரு நிமிடம் நின்று யோசித்துத்தான் பேசுவார். நான் அப்படி நின்றிருக்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி: வீடு என்பது கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது அன்று. 42 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு அறையில் தொடங்க வையுங்கள். நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். விதிகளைக் காரணத்தோடு சொல்லுங்கள். விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் மரத்தையும் உலோகத்தையும் மெல்ல அரிக்கின்றன. துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே போதும் என்று வைத்திருப்பதால்தான் அந்த அறைகள் மங்கலாக இருக்கின்றன. ஒளியால் வெளுத்த நிறம் திரும்பாது. முதுகுப் பையைப் பேருந்திலேயே விட்டுவிடுங்கள், பேனாவுக்குப் பதில் பென்சில் கொடுங்கள்.

பதில் – மூன்றாம்மணி

முந்தைய பதிலோடு பெரிதும் உடன்படுகிறேன், ஒரு கவலையைத் தவிர. பொருள்களை மட்டும் துருவிக்கொண்டிருந்தால், வீட்டில் இல்லாமல் போனவை கண்ணில் படாமல் போகும். ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் உட்பட எட்டுப் பேர் நாஜிகளுக்குத் தப்பி 1942 முதல் 1944 வரை ஒளிந்திருந்த பகுதியில் இன்று அறைகலன்கள் இல்லை. அவர்கள் பிடிபட்ட பிறகு எல்லாம் அப்புறப்படுத்தப்பட்டன. உயிர் தப்பிய தந்தை ஒட்டோ ஃபிராங்க் அது வெறுமையாகவே இருக்கட்டும் என்று விரும்பினார். அந்த வெற்றுச் சுவரில், அவருடைய மகள்கள் இருவரும் எவ்வளவு உயரம் வளர்ந்தார்கள் என்று பென்சிலால் இழுத்த கோடுகள் எஞ்சியிருக்கின்றன. ஒளிந்திருந்தவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது என்பதை எந்தக் கட்டிலும் நாற்காலியும் அந்தக் கோடுகள் அளவுக்குச் சொல்லியிருக்காது.

மறுபக்கம், அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டின் வெளிச்சுவர் கல்லால் ஆனது போலத் தோன்றும். அது மரப்பலகையைக் கல் வடிவில் செதுக்கி, வண்ணம் காய்வதற்குள் மணலைத் தூவிச் செய்த வேலை. அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அவர் மறைந்த 1799-ஆம் ஆண்டில் அந்தப் பண்ணைகளில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு குழுவிடமும் நான் ஒரு கேள்வியைத்தான் கொடுப்பேன்: இந்த அறையைக் காலையில் முதலில் திறந்தவர் யார், அவர் எந்த வழியாக உள்ளே வந்தார்? மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள் இருந்தால் இரண்டின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அகலமான படியில் விருந்தினர் ஏறியிருப்பார்கள். குறுகலான படியில் தண்ணீர்க் குடமோ விறகுக் கட்டோ தூக்கியவர் ஏறியிருப்பார், நடுவில் தேய்ந்த பள்ளமும் அதில்தான் ஆழமாக இருக்கக்கூடும்.

அச்சடித்த வினாத்தாள் மட்டும் வேண்டாம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மாணவர்கள் பலகையைத் தேடி ஓடுவார்கள், உங்களுக்குச் சென்ற ஆண்டின் கட்டுரையே திரும்பக் கிடைக்கும்.

பதில் – பின்வரிசை

நான் கல்லூரி மாணவன், பள்ளி நாளில் இப்படிப்பட்ட பயணங்களில் பின்வரிசையில் நின்றவன். ஒருமுறை எங்கள் ஆசிரியர் எதையும் விளக்காமல், ஆளுக்கு ஒரு பொருளைப் பத்து நிமிடம் வரையச் சொன்னார். எனக்கு ஓர் எழுத்து மேசை வந்தது. வரையும்போதுதான் அதன் வலது விளிம்பு மட்டும் மெருகு போய் வெளிறியிருப்பதைக் கண்டேன். எழுதியவரின் முழங்கை ஊன்றிய இடமாக இருக்கலாம் என்று நானே ஊகித்தேன். அவருடைய பிறந்த ஆண்டு மறந்துவிட்டது, அந்த விளிம்பு மறக்கவில்லை. இன்னொன்று: சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால் மாடி அறைகளின் நிலையை முன்பே விசாரித்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் கீழேயே காத்திருக்க நேர்ந்தது, அது எங்கள் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

சாக்பீஸ்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை நான் மட்டும் தனியாகச் சென்று அந்தக் கதவைப் பார்த்து வந்தேன். உட்பக்கத்தில், தோள் உயரத்தில், மக்கு வைத்து அடைத்த நான்கு துளைகள் இருக்கின்றன. நிர்வாகத்தினர் அதைக் கவனித்ததில்லை என்றும் பழைய பராமரிப்புப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பதாகவும் சொன்னார்கள். துளைகளைப் பற்றி வகுப்பில் இப்போதைக்கு வாய் திறக்கப் போவதில்லை. கேள்வி கேட்ட மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். எட்டாம் வகுப்போடு அவனையும் அழைத்துச் சென்று, ஒரு குழுவை அவனிடம் ஒப்படைக்கத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.