கலைச்சொல்: மார்பக உள்வைப்பும் மமோகிராமும் – ‘இடப்பெயர்ச்சிப் படம்’ சரியா?

கண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மார்பைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை எழுதிவருகிறோம். சுகவனிதையர் கிளினிக்குகளில் கொடுப்பதற்கு. ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கும்போது, மார்புக்குள் வைத்த பையான உள்வைப்பிலுள்ள சிலிக்கன் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். படத்தில் வெள்ளையாக விழுந்து இழையத்தை மறைக்கும். ஆகவே வழமையான நான்கு படங்களோடு, உள்வைப்பை நெஞ்சுச் சுவர்ப்பக்கம் தள்ளிவைத்து இன்னும் நான்கு எடுப்பார்கள். 1988இல் கதிரியல் வைத்தியர் எக்லண்ட் குழுவினர் விவரித்த முறை. ‘இம்ப்ளாண்ட் டிஸ்ப்ளேஸ்ட் வியூ’ என்பார்கள். நான் ‘உள்வைப்பு இடப்பெயர்ச்சிப் படம்’ என்று போட்டிருக்கிறேன்.

பதுளையிலிருந்து:

‘இடப்பெயர்ச்சி’ வேண்டாம் ஐயா. உள்வைப்பு தானாக நகர்ந்து கோணலாவதையும் அப்படித்தான் எழுத வேண்டிவரும். அறிக்கையில் அதைப் பார்க்கும் பெண், உள்ளே ஏதோ பிசகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். மண்சரிவு கண்ட எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரமும் உண்டு. சிலர் எழுதும் ‘பதியம்’ என்பதையும் விட்டுவிடுவோம். பதியம் வேர்பிடித்து வளரும். உள்வைப்பையோ, சுற்றி நார்ச்சவ்வு கட்டி உடம்பு தனியே வைத்திருக்கும். ‘உள்வைப்பு’ போதும். படத்துக்கு ‘இழுப்புப் படம்’ எப்படி?

ஹட்டனிலிருந்து:

இழுப்பு என்றால் லயத்தில் மூச்சு நோய்தான் ஞாபகம் வரும். எக்ஸ்கதிர் அறையில் நடப்பதைப் பார்த்துச் சொல் தேடுவோம்.

முதலில் உள்வைப்போடு சேர்த்து எடுக்கும் படம். இதில் மார்பின் மேல் இறங்கும் தகடு, மார்பை அசையாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டுமே அழுத்தும். கதிர் அளவைக் கையால்தான் வைக்க வேண்டும். தானியங்கியில் விட்டால், கதிரை அளக்கும் உணரி உள்வைப்புக்குக் கீழே சிக்கி, கதிர் தேவைக்கு மேல் போய்விடும். அடுத்ததில் பெண் இடுப்பிலிருந்து சற்று முன்னே சாய்வார். உள்வைப்பின் முன்விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, இழையத்தை முன்னே எடுத்து, உள்வைப்பைப் பின்னே நெஞ்சோடு ஒதுக்கி, அது திரும்பி வழுக்கி வராமல் பிடித்துக்கொண்டே தகட்டை மெல்ல இறக்குவோம். தகட்டுக்குள் இழையம் மட்டும் இருப்பதால் இப்போது முழு அழுத்தம் கொடுக்கலாம். சிறு சுண்ணப்புள்ளிகள் தெளிவாகத் தெரிவது இந்தப் படத்தில்தான்.

கை செய்வது ஒதுக்குவது. ‘பின்னொதுக்குப் படம்’ என்பேன். மற்றது ‘உள்வைப்புடன் படம்’. படத்தின் மூலையில் இடும் ‘ஐடி’ (இம்ப்ளாண்ட் டிஸ்ப்ளேஸ்ட்) குறியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். படம் வேறு வைத்தியசாலைக்குப் போனால் குழப்பம் வரும்.

பதுளையிலிருந்து:

‘பின்னொதுக்கு’ நன்று. வினையாகவும் வரும் என்பது பெரிய வசதி. சவ்வு இறுகிக் கல்லாகிவிட்ட மார்பில் உள்வைப்பு நகராது. அப்போது ‘பின்னொதுக்க இயலவில்லை’ என்று ஒரே வரியில் எழுதி, பக்கவாட்டுப் படமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சேர்க்கலாம். ‘இடப்பெயர்ச்சி செய்ய இயலவில்லை’ என்று எழுதிப் பாருங்கள், வாயில் நுழையாது. தசைக்குக் கீழே வைத்த உள்வைப்பைப் பொதுவாக எளிதாக ஒதுக்கலாம்; அதனால் எங்கே வைத்தார்கள் என்று கேட்கும் கேள்வியும் பிரசுரத்தில் வேண்டும்.

இன்னொன்று: ‘உறை’. சிலிக்கன் பையின் தோலையும், உடம்பு கட்டும் சவ்வையும் வரைவில் இரண்டு இடத்தில் ‘உறை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். பைக்கு ‘உறை’, உடம்பு கட்டியதற்குச் ‘சுற்றுச்சவ்வு’ என்று பிரியுங்கள். இல்லாவிட்டால் கசிவு உறைக்குள்ளா வெளியேயா என்று யாருக்கும் விளங்காது.

கண்டியிலிருந்து:

இரண்டையும் ஏற்கிறேன். கசிவு பார்க்கும் எம்.ஆர்.ஐ.யைத் தனிப் பத்தியாக்குகிறேன். சிலிக்கன் உள்வைப்புக்கு முதல் தடவை 5–6 வருடத்திலும், பிறகு 2–3 வருடத்துக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. என்பது அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் சொன்னது. அது புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. மமோகிராம் எடுக்கும் வயதும் இடைவெளியும் மற்றப் பெண்களுக்கு உள்ளதே. பிரசுரத்தின் முதல் வரி இப்படி: “நாள் குறிக்கும்போதே உள்வைப்பு இருப்பதைச் சொல்லுங்கள். பின்னொதுக்குப் படங்களோடு மொத்தம் எட்டுப் படங்கள் எடுக்கப்படும். கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.”