மாரிசன் ஜிக்: முதல் ரெக்கார்டிங் எது, எந்தப் புத்தகத்தில் தேடுவது?

டின்விசில்_தம்பி:
டப்ளினுக்கு வேலைக்கு வந்த இடத்தில் டின் விசில் (சின்ன உலோகக் குழல்) பழகுகிறேன். ஸ்மித்ஃபீல்ட் பக்கம் செஷன் (ஒன்றுகூடி ஐரிஷ் மரபிசை வாசிப்பது) நடந்தால் மூலையில் உட்கார்ந்து கேட்பேன். எல்லா செஷனிலும் யாராவது 'மாரிசன் ஜிக்' என்ற நடன மெட்டை ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஆட்களுக்குச் சொல்வதானால் கரகரப்பிரியா ஸ்வரங்கள், தகிட தகிட நடை, எடுப்பே 'சா பா, சபச மரிநி' என்று போகும் (அந்த நி கீழ் ஸ்தாயி). பிடித்துப்போய் இதன் மூலத்தைத் தேடக் கிளம்பினேன், ஆனால் ஆளுக்கொரு விதமாக வாசிக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் "அது ஜேம்ஸ் மாரிசனுடையது" என்பதோடு சரி. அவரே போட்ட மெட்டா? ஓ'நீலின் ஐரிஷ் மெட்டுத் தொகுப்பில் இருக்குமா? எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய_இசைத்தட்டு:
மாரிசன் போட்டதில்லை தம்பி. 1936-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் மாரிசன் ஃபிடிலும் டாம் கார்மடி அக்கார்டியனுமாகச் சேர்ந்து இதைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டின் லேபிளில் இருக்கும் பெயர் 'மாரிஸ் கார்மடீஸ் ஃபேவரிட்'. மாரிஸ் என்பது டாமின் அப்பா. அயர்லாந்தின் கெர்ரிப் பகுதிக்காரர். மகன் அவரிடம்தான் இந்த மெட்டைப் பாடம் பண்ணினார், வீட்டில் அதற்கு 'ஸ்டிக் அக்ராஸ் த ஹாப்' என்று வேறு பெயர். டாம் வாசிப்பதைக் கேட்டு மாரிசனுக்கு ஆசை வந்து, பதிவுக்கு முந்தைய இரவு விழித்திருந்து கற்றுக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். இரவு விஷயத்தைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள், லேபிளில் இருக்கும் கார்மடி பெயரை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்த மாரிசன் புகழ் பெற்றவர், தட்டு கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனது, கேட்டுப் பழகியவர்கள் வாசித்தவர் பெயரையே மெட்டுக்கு ஒட்டிவிட்டார்கள். ஹாரி பிராட்ஷா 1989-ல் மாரிசனின் பழைய பதிவுகளைத் தொகுத்து 'தி புரொபசர்' என்று வெளியிட்டார், கிடைத்தால் விடாதீர்கள்.

ஃபிடில்_அக்கா:
ஓ'நீல் கேள்விக்கு வருகிறேன். 'மியூசிக் ஆஃப் அயர்லாந்து' 1903-ல் சிகாகோவில் வந்தது, 1850 மெட்டுகள். தொகுத்த பிரான்சிஸ் ஓ'நீல் அந்த ஊர் போலீஸ் தலைவராகவும் இருந்தவர். 1893-ல் பிறந்த மாரிசனுக்கு அப்போது வயது பத்து, அவர் பெயரை வைத்து அதில் தேடி என்ன பயன்? பெயரை மறந்துவிட்டு மெட்டைத் தேடுங்கள். எல்லோரும் 'தி கேஷ்' என்று வாசிக்கும் ஜிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், ஓ'நீலில் அது 'கின்கோரா ஜிக்'. பெயரை நம்பித் தேடுகிறவர் புத்தகத்தில் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஐரிஷ் மெட்டுகளைத் தொகுத்த பிரெண்டான் பிரஹ்நாக் பெயரை ஒதுக்கிவிட்டு, தொடக்க ஸ்வரங்களை எண்களாக மாற்றி ஆயிரக்கணக்கான மெட்டுகளுக்கு அட்டை போட்டு வைத்தது இதனால்தான்.

இன்னொன்று, எல்லா ஜிக்குக்கும் ஒரே வழி கிடையாது. 'ஹேஸ்ட் டு த வெட்டிங்' மாதிரி ஒன்றுக்கு 1767-ல் லண்டன் ட்ரூரி லேன் மேடை வரை அச்சிலேயே பின்னால் போகலாம். மாரிசன் ஜிக் அப்படியில்லை, இதில் தட்டுதான் நமக்கு ஆதாரம். இன்று கையில் கிடைக்கும் நொட்டேஷன்களில் பாதிக்கு மேல் அந்தத் தட்டின் வழி வந்தவை என்றுதான் நினைக்கிறேன். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடாந்தரம் பார்ப்பது வீண் வேலை.

டின்விசில்_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அப்போ இதைக் 'கார்மடி ஜிக்' என்றுதானே சொல்ல வேண்டும்? அப்புறம், யூடியூபில் கிடைத்த பழைய பதிவோடு வாசித்தால் என் விசில் சுருதி சேரவே இல்லை.

பழைய_இசைத்தட்டு:
செஷனில் கார்மடி என்றால் முழிப்பார்கள், மாரிசன் என்றே சொல்லுங்கள். எழுதும்போது மூன்று பெயரையும் எழுதுங்கள். சுருதி விஷயத்தில் விசிலைக் குறை சொல்லாதீர்கள். 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று பெயர்தானே தவிர, பதிவு செய்த வேகமும் டிஜிட்டலாக மாற்றியவர் சுழற்றிய வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அரை ஸ்வரம் ஏறியோ இறங்கியோதான் இருக்கும். மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்து ஈ ஆதார சுருதிக்குக் கொண்டுவந்து அப்புறம் வாசியுங்கள்.

தட்டின் படம் கிடைத்தால் லேபிளில் உள்ள கேட்லாக் எண்ணோடு நிற்காதீர்கள். கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் சின்னதாகப் பொறித்த எண் ஒன்று இருக்கும், மேட்ரிக்ஸ் எண். பதிவு நாளைப் பிடிக்க அதுதான் வேண்டும். சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் இசைத்தட்டுத் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஃபிடில்_அக்கா:
டப்ளினிலேயே இருந்துகொண்டு இங்கே கேட்கிறீர்களே! மெரியன் ஸ்கொயர் 73-ல் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் இருக்கிறது, அனுமதி இலவசம். போகும்போது 'மாரிசன்' என்று மட்டும் கேட்காமல் கார்மடி பெயரையும் 'ஸ்டிக் அக்ராஸ் த ஹாப்' பெயரையும் எழுதி எடுத்துப்போங்கள், முதல் இரண்டு பார் நொட்டேஷனும் கையில் இருக்கட்டும். கெர்ரிப் பக்கத்து வாசிப்பு ஏதாவது தட்டுக்குத் தொடர்பில்லாமல் பதிவாகியிருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள், எனக்கும் அதுதான் வேண்டும்.