பாஸ்வேர்டு சரிதான், ஆனால் உள்ளே விடவில்லை: மறுபடி இன்ஸ்டால் செய்வதா, காரணம் தேடுவதா?

மழைச்சாரல் | ஞாயிறு காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் தமிழாசிரியை. ஆறு வருடப் பழைய லேப்டாப், 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றதும் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். நேற்று இரவு வரை ஒரு குறையும் இல்லை.

இன்று காலை பாஸ்வேர்டு கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து, திரும்பவும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பார்த்தேன், அப்போது தவறு என்று சொல்கிறது. ஆக, என் பாஸ்வேர்டு சரிதான். பத்துத் தடவைக்கு மேல் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தேர்வு. நான்கு வகுப்புக்கான வினாத்தாள்கள் அதற்குள்தான் இருக்கின்றன. இதை மொபைலில் தட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்த ஒருவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்கிறார். செய்யலாமா?

பட்டறை | 9.25

செய்யலாம் டீச்சர், ஆனால் எடுத்தவுடன் அழிக்காதீர்கள். நான் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மின்ட் போட்ட பென் டிரைவ் இன்னும் இருக்கிறதா? அதைச் செருகி அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள், அதாவது பூட் செய்யுங்கள். எதையும் நிறுவாமல் டெஸ்க்டாப் திறக்கும். உங்கள் எஸ்எஸ்டியைத் திறந்து வினாத்தாள்களை வேறொரு பென் டிரைவில் நகல் எடுங்கள். எடுத்ததை ஒருமுறை திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் தைரியமாக மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். எஸ்எஸ்டி என்பதால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மதியம் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

கரிசல்காடு | 9.40

நகல் எடுக்கச் சொன்னது சரி. அதற்கு அடுத்ததை ஒப்புக்கொள்ள மாட்டேன். டீச்சர் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார் பாருங்கள். தப்பான பாஸ்வேர்டுக்கு ஒரு பதில், சரியான பாஸ்வேர்டுக்கு வேறொரு பதில். அப்படியென்றால் உள்ளே நுழைய அனுமதி கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகு டெஸ்க்டாப்பைத் திறக்கிற இடத்தில்தான் எதுவோ தடுக்கிறது. இதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு மூன்றுதான். டிஸ்க்கில் இடம் தீர்ந்திருக்கலாம். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில், டெஸ்க்டாப் திறக்கத் தேவையான எக்ஸ்அத்தாரிட்டி என்ற சின்னக் கோப்பு, ஏதோ ஒரு நாள் சூடோ (நிர்வாகி அனுமதி கேட்கும் கட்டளை) போட்டு எதையோ திறந்ததால், ரூட் என்கிற நிர்வாகி பெயருக்கு மாறியிருக்கலாம். இல்லையென்றால் திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் மென்பொருள். மூன்றையும் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும்.

டீச்சர், பாஸ்வேர்டு கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே போனதும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன் கோடு, எச். என்டர். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும். வருவதைப் படம் எடுத்துப் போடுங்கள். திரும்பி வர கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7.

பட்டறை | 9.55

கரிசல்காடு, உங்களுக்கும் எனக்கும் அந்தக் கறுப்புத் திரை வீட்டுத் திண்ணை மாதிரி. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இதுவரை அதைப் பார்த்தே இராத ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். நம் மக்கள் லினக்ஸை விட்டுப் போவதற்குக் காரணம் லினக்ஸின் கோளாறு இல்லை. கோளாறு வந்த அன்று நாம் கொடுக்கிற பதில்தான். ஒருவர் பதினைந்து கட்டளை சொல்வார், அது சரிப்படாது, இன்னொருவர் வந்து வேறு பதினைந்து சொல்வார். எப்போதோ யாரோ எழுதிய கட்டளைகளை ஒட்டி ஒட்டி, என் கடைக்கு வரும்போது எந்த மென்பொருள் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்றே சொல்ல முடியாத நிலையில் இருக்கும். அந்த இடத்தில் காரணம் தேடுவது வீண். சுத்தமாக அழித்துப் போட்டுக் கொடுத்தால் அவர் நிம்மதியாகப் போவார். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

யாழ்வாணி | 10.20

பட்டறை அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுபடி நிறுவுவதால் தீராத வருத்தங்களும் உண்டு. என் கணினியில் விண்டோஸும், லினக்ஸில் இன்னொரு வகையான உபுண்டுவும் சேர்ந்து இருந்தன. விண்டோஸில் இருந்து உபுண்டுவுக்கு வந்தால் நேரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடும். சில நேரம் இணையத்தளங்கள்கூடச் சான்றிதழ் பிழை என்று திறக்க மறுக்கும். ஒருவர் சொன்னாரென்று இரண்டு முறை உபுண்டுவை அழித்து நிறுவினேன். இரண்டு முறையும் அதே ஐந்தரை மணித்தியாலம்.

மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸோ அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் ஐந்தரையைக் கூட்டுகிறது. இலங்கையில் எங்களுக்கும் இந்தியாவுக்கும் உலகப் பொது நேரத்தோடு அந்த ஐந்தரைதான் வித்தியாசம். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதுமாக இருந்தது. காரணம் லினக்ஸுக்கு வெளியே இருந்தால், லினக்ஸை எத்தனை முறை நிறுவி என்ன பயன்? விண்டோஸ் டிரைவைப் படிக்க மட்டுமே விடுகிறது, எழுத விடவில்லை என்று பலர் தவிப்பதும் இப்படித்தான். விண்டோஸை முழுதாக அணையவிடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி அணைக்கப்படாமல் இருக்கும்.

பழையமரம் | 10.35

சிஸ்டத்தைப் பிரதி எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் போட்டிருந்தால் முந்தைய நாளுக்குத் திருப்பிவிடலாமே? ஏன் இவ்வளவு வாதம்?

கரிசல்காடு | 10.45

பழையமரம், அப்டேட் ஏதாவது சிஸ்டத்தைக் கெடுத்திருந்தால் டைம்ஷிஃப்ட் அருமையான வழி. ஆனால் நாமாக மாற்றாத வரை அது ஹோம் ஃபோல்டரைத் தொடாது. கோளாறு ஹோமுக்குள் இருந்தால் திருப்பியும் பலன் இல்லை. இன்னொன்று, டைம்ஷிஃப்ட் எடுக்கும் பிரதிகளும் பெரும்பாலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். இடம் தீர்வதற்கு அதுவே காரணமாக இருப்பதும் உண்டு.

மழைச்சாரல் | 11.30

முதலில் பட்டறை சார் சொன்னபடி பென் டிரைவில் பூட் செய்து நான்கு வினாத்தாள்களையும் நகல் எடுத்துவிட்டேன். திறந்தும் பார்த்தேன். இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மிக்க நன்றி சார்.

அப்புறம் கறுப்புத் திரைக்குப் போனேன். மொபைல் படம் தெளிவாக இல்லாததால் எழுதுகிறேன். பெரிய வரியில் மொத்தம் 219 ஜி, பயன்படுத்தியது 208 ஜி, மிச்சம் 0, அதற்குப் பக்கத்தில் 100 சதவீதம். 219க்கும் 208க்கும் நடுவே 11 இருக்கிறதே, அது எங்கே போனது?

வெள்ளிக்கிழமை 'இடம் குறைவாக உள்ளது' என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஸ்மார்ட் வகுப்புக்காகப் பதிவு செய்த பழைய பாட வீடியோக்களை வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டு, இங்கே அழித்துவிட்டேன். நிறைய இடம் கிடைத்திருக்கும் என்று நம்பித்தான் நேற்று மொபைலில் இருந்த புதிய வீடியோக்களை ஏற்றினேன்.

கரிசல்காடு | 11.45

டீச்சர், காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். அது ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டர். அங்கே போனால் இடம் காலியாகாது.

11 ஜி எங்கே என்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஈஎக்ஸ்டி4 முறை, வழக்கமாக டிஸ்க்கில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 219இல் 5 சதவீதம் ஏறக்குறைய 11. சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்தாலும் சிஸ்டம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால்தான் உங்கள் லேப்டாப் ஒழுங்காக பூட் ஆகிறது, பாஸ்வேர்டும் கேட்கிறது. ஆனால் டெஸ்க்டாப் திறக்கும்போது உங்கள் பெயரில் ஒரு சின்னக் கோப்பை எழுத வேண்டும். அதற்கு ஒரு பைட்கூட இல்லை. எழுத முடியாமல் திரும்பி வாசலுக்கே வந்துவிடுகிறது. கறுப்புத் திரைக்கு அந்த எழுத்து வேலை இல்லாததால் அது உள்ளே விட்டது.

ஹோமுக்குள் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்கும் கட்டளையையும், தொட்டியைக் காலி செய்யும் ஆர்எம் கட்டளையையும் தாளில் எழுதிப் படமாகத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

பட்டறை | 11.52

டீச்சர், அந்த ஆர்எம் கட்டளையை அடிக்காதீர்கள்! முதல் கட்டளை சரி, அது பார்க்க மட்டும்தான்.

கரிசல்காடு, உங்கள் கணிப்பு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கறுப்புத் திரையில் ஆர்எம் என்பது சமையலறையில் குழந்தை கையில் அரிவாள்மணை கொடுக்கிற மாதிரி. நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தால் தொட்டிக்குப் பதில் மொத்த ஹோமும் போய்விடும். அது 'நிச்சயமா' என்று கேட்காது, திரும்பவும் வராது. இப்படி ஒரே ஓர் இடைவெளியில் கல்யாணப் படங்கள் முழுவதையும் இழந்த ஒருவர் என் கடையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். காரணம் தேடுங்கள் என்கிறவர்கள், எதைக் கொண்டு சரிசெய்வது என்பதிலும் அதே கவனம் வைக்க வேண்டும்.

கரிசல்காடு | 12.05

தவறு என்னுடையதுதான். டீச்சர், அந்தப் படத்தில் இரண்டாவது வரியை விட்டுவிடுங்கள், அதைத் தட்ட வேண்டாம். அதற்குப் பதில் ஆபத்தில்லாத வழி சொல்கிறேன். சூடோ, ஏபிடி, கிளீன் என்ற மூன்று சொல், நடுவே இடைவெளி. அப்டேட்டுக்காக இறக்கி வைத்த பழைய பொதிக் கோப்புகளை மட்டும் அது நீக்கும், உங்கள் கோப்பு ஒன்றையும் தொடாது. கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், டெஸ்க்டாப் திறந்துவிடும். பிறகு தொட்டியை மவுஸால் காலி செய்யலாம்.

பட்டறை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டீச்சர் காலையிலேயே மறுபடி இன்ஸ்டால் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹோமை டிஸ்க்கில் தனிப் பிரிவாக (பார்டிஷன்) வைத்து அதை அப்படியே விட்டிருந்தால், அந்தத் தொட்டியும் அப்படியே இருந்திருக்கும். அரை மணி நேரம் செலவழித்து, புதிதாக நிறுவிய மின்ட்டில் அதே வாசலுக்கே வந்து நின்றிருப்பார். 'புதுசு போட்டும் இதே கதியா' என்று அவர் லினக்ஸையே விட்டிருப்பார். நீங்கள் பயப்படுவதும் அதற்குத்தானே?

பட்டறை | 12.30

ஹோமை அப்படியே விட்டால் நீங்கள் சொல்வது நடக்கும், மறுக்கவில்லை. நான் சொன்னது கோப்புகளை நகல் எடுத்து, முழுவதையும் ஃபார்மட் செய்து போடுவது. அதில் தொட்டியும் போயிருக்கும், வேலையும் முடிந்திருக்கும்.

மழைச்சாரல் | 12.50

சார், நீங்கள் சொன்னபடி ஃபார்மட் செய்திருந்தால் வினாத்தாள் தப்பியிருக்கும். ஆனால் தமிழ்99 விசைப்பலகையை அமைக்கவே எனக்கு ஒரு மாலைப் பொழுது போனது. பள்ளிக்கென்று போட்ட எழுத்துருக்கள், பிரின்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அரை மணி நேரம் என்பது நிறுவுவதற்கு மட்டும்தான். என் மேசையைப் பழையபடி அடுக்க எனக்கு இரண்டு நாள் ஆகும்.

இதோ முடிவு. முதல் கட்டளையில் தொட்டி 97 ஜி என்று காட்டியது. பார்த்ததும் திகைத்துவிட்டேன். ஏபிடி கிளீன் கொடுத்ததும் மிச்சம் 1.1 ஜி ஆனது. எஃப்7க்குத் திரும்பி பாஸ்வேர்டு கொடுத்தேன். திரை கறுத்தது, பிறகு என் டெஸ்க்டாப்! பக்கத்து அறையிலிருந்து என் மகளே ஓடி வந்து பார்த்தாள். வீடியோக்கள் வெளி டிஸ்க்கில் ஓடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியைக் காலி செய்தேன்.

யாழ்வாணி | 1.05

மிகவும் சந்தோஷம் டீச்சர்.

பட்டறை | 1.40

நல்லது டீச்சர். மேசையை அடுக்க இரண்டு நாள் என்று சொன்னீர்களே, அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. கடைக்கு வருபவர் கணினியை வாங்கிக்கொண்டு போனதும் என் வேலை முடிந்துவிடுகிறது, அவருக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இனி லாகின் பிரச்சினையோடு வரும் எதற்கும் முதலில் டிஸ்க்கில் இடம் பார்ப்பேன். ஆனால் எங்கிருந்தோ எடுத்த ரெப்போக்களை, அதாவது மென்பொருள் கிடங்குகளை, கலந்து பொதிகள் குழம்பிக் கிடக்கிற கணினிக்கு என் பதில் மாறாது. நகல் எடு, அழி, போடு.

கரிசல்காடு | 1.55

அதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் பட்டறை. அங்கேயும் எந்த ரெப்போ கெடுத்தது என்று தெரியாவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் அதே ரெப்போவைத் திரும்பச் சேர்ப்பார். அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன், வாருங்கள்.

மழைச்சாரல் | மாலை 6.20

நான்கு வினாத்தாளும் அச்சாகிவிட்டன. ஒரே ஒரு கேள்வி. எவ்வளவு இடம் மிச்சம் என்று கறுப்புத் திரைக்குப் போகாமல் பார்க்க முடியுமா?

கரிசல்காடு | 6.35

முடியும் டீச்சர். ஃபைல் விண்டோவில் ஹோம் ஃபோல்டரைத் திறந்தால், கீழ்ப்பட்டையில் எத்தனை கோப்பு என்பதற்குப் பக்கத்திலேயே காலி இடம் எத்தனை ஜிபி என்று இருக்கும். வீடியோ ஏற்றுகிற நாளில் ஒருமுறை அங்கே பாருங்கள்.