விரலால் தொட்டால் வேர் தெரியுமா? பூனைப் பல், எக்ஸ்ரே, பில்

மூன்றுகால்மேசை:
நேற்று வேறொரு இழையில் பெரியமீசை ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்: “பூனைக்குப் பல் எக்ஸ்ரே என்பது பில்லை ஏற்றும் வித்தை. எந்தப் பல் கெட்டது என்று விரலால் தொட்டாலே தெரியும். முப்பது வருடத்தில் நான் பார்க்காத பூனையா?” கீழே பதினொரு பேர் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள். அங்கேயே பதில் எழுதினால் தலைப்பை மாற்றுகிறேன் என்பார்கள். அதனால் தனியாகத் திறக்கிறேன்.

போன வருடம் என் பூனைக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் எடுத்தோம். கையில் காசு இழுபறி. எக்ஸ்ரே வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். பல்லின் மேல்பாதி வந்தது, வேர் உள்ளேயே முறிந்து நின்றது. நாலு மாதத்தில் தாடை வீங்கியது. மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி மயக்க மருந்து, இந்தமுறை எக்ஸ்ரே. மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு போனது.

கேள்வி ஒன்றே ஒன்று. ஈறுக்குக் கீழே இருக்கும் வேரை விரலால் எப்படிப் பார்ப்பது?

பெரியமீசை:
உங்கள் டாக்டருக்குப் பல் பிடுங்கத் தெரியவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது? கை சரியில்லாதவனுக்குத்தான் படம் வேண்டும். எக்ஸ்ரே பெட்டி வருவதற்கு முன்னால் பூனைகள் பல்லோடு வாழவில்லையா? என் வீட்டுக் கறுப்பன் 17 வயது வரை இருந்தான். ஒரு படம் எடுத்ததில்லை.

மூன்றுகால்மேசை:
கறுப்பனுக்கு எத்தனை பல் எடுத்தீர்கள்?

பெரியமீசை:
ஒன்றும் எடுக்கவில்லை. அதைத்தானே சொல்கிறேன்.

வாலாட்டாதவள்:
பல்லே எடுக்காத பூனைக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை, அதனால் எக்ஸ்ரே வீண். அடடா. நான் விமானத்தில் ஏறியதே இல்லை, அதனால் எனக்குப் பாராசூட்டும் தேவைப்பட்டதில்லை.

புதுசு07:
வணக்கம். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பூனைக்கு 11 வயது. எச்சில் ஒழுகுகிறது, கொட்டாவி விட்டால் கத்துகிறது, தீனித் தட்டுக்கு ஓடி வந்து முகர்ந்துவிட்டு ஓடிப்போகிறது. வாயின் உட்பகுதி முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கிறது. நாள்பட்ட வாய் அழற்சி, பின்பக்கப் பல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எஸ்டிமேட்டைப் பார்த்து மிரண்டுவிட்டேன். அதில் எக்ஸ்ரேயும் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாமா?

பெரியமீசை:
தாராளமாகச் சொல்லுங்கள். அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு நாளில் தட்டை நக்கும். பல்லை எல்லாம் பிடுங்குவது கடைசிப் பேச்சு.

மூன்றுகால்மேசை:
ஐயா, கை எடுத்துக் கும்பிடுகிறேன். புதுசு, தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். எனக்கு நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். இந்த நோயில் எடுக்கும் பல்லை வேரோடு எடுக்க வேண்டும். துண்டு வேர் நின்றாலும் அழற்சி விடாது. வேர் முழுசாக வந்ததா என்று விரலால் தெரியுமா? தெரியுமா, ஐயா?

கிளினிக்உள்ளே:
நான் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. புதுசுக்கு மட்டும் பதில்.

இந்த வாய் அழற்சியில் பல்லின் மேல் படியும் படலத்துக்கு எதிராக உடம்பே மிதமிஞ்சிச் சண்டை போடுகிறது. பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் தரும் கலிசிவைரஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பல்லை எடுத்தால் படலம் ஒட்ட இடமில்லை. எடுத்த பூனைகளில் பெரும்பாலானவை நன்றாகத் தேறும், சிலவற்றுக்கு அப்புறமும் மருந்து வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவு செய்த பிறகு தெரிந்தால் கோபம் வரும். ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். அதற்குத் தினமும் இன்சுலின். அது மாதாமாதம் வரும் பில்.

காசு விஷயம். எஸ்டிமேட்டை வரிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் எழுதி. “இந்தத் தொகையைத் தாண்டினால் நடுவில் போன் செய்து கேளுங்கள்” என்று எழுதிக் கொடுக்கலாம். தவணை உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்களாகச் சொல்ல மாட்டோம், கேட்டால் மறுக்காத இடங்கள் உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயும் ஒரு எஸ்டிமேட் வாங்குங்கள். இப்போது போய்க் காப்பீடு எடுத்தால் பயன் இல்லை. ஏற்கனவே வந்த நோயை அவர்கள் சேர்க்க மாட்டார்கள்.

எக்ஸ்ரேயை வெட்டாதீர்கள். பில்லில் கனமான வரிகள் மயக்க மருந்தும் அறுவை நேரமும்தான். பூனை ஒருமுறை தூங்கும்போதே படத்தையும் எடுத்துவிடுவது மலிவு.

நியாயத்தராசு:
யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். வைத்தியம் பார்க்க வசதி இல்லாதவர்கள் பூனை வளர்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

வாலாட்டாதவள்:
வந்துவிட்டார் தராசு. பதினோரு வருடம் வளர்த்த பூனையை இப்போது என்ன செய்யட்டும், திருப்பிக் கொடுத்துவிடவா? எந்தக் கடையில்?

நியாயத்தராசு:
மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருந்தால் பதினோரு வருடத்தில் சேர்ந்திருக்கும். நான் ஒதுக்குகிறேன்.

வாலாட்டாதவள்:
உங்கள் பூனைக்கு இரண்டு வயது என்று நீங்களே போன மாதம் எழுதினீர்கள்.

பெரியமீசை:
கிளினிக்கில் வேலை பார்ப்பவர் எக்ஸ்ரே வேண்டாம் என்றா சொல்லுவார்? பூனையைக் காவல் வைத்துவிட்டுப் பால் ஏன் குறைந்தது என்று கேட்ட கதை.

கிளினிக்உள்ளே:
எனக்கு மாதச் சம்பளம். படத்துக்குக் கமிஷன் இல்லை.

சரி, ஒரு தகவல். 1998-ல் வெளியான கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று. 115 பூனைகளுக்கு முழு வாய் எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே பார்த்தபோது குறை எதுவும் தெரியாத பூனைகளில்கூட 41.7 சதவீதத்தில் சிகிச்சைக்கு முக்கியமான ஏதோ ஒன்று படத்தில் தெரிந்தது. இன்னொன்று, படம் எடுத்தால் வேலை எப்போதும் கூடும் என்பதும் இல்லை. பூனைகளுக்குப் பல் கரையும் நோய் உண்டு. உடம்பின் சொந்த உயிரணுக்களே பல்லைக் கரைத்துவிடும். அதில் ஒரு வகையில் வேர் எலும்போடு எலும்பாக மாறியிருக்கும், தோண்டத் தேவையில்லை. மேல்பாகத்தை மட்டும் வெட்டி ஈறைத் தைத்துவிடலாம். வாய் அழற்சி இருக்கும் பூனைக்கு இந்தக் குறுக்குவழி கூடாது, மற்றவற்றுக்குச் சரி. எந்த வகை என்று சொல்வது படம்தான்.

பெரியமீசை:
1998. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய கணக்கு.

மூன்றுகால்மேசை:
நீங்கள் மட்டும் முப்பது வருட அனுபவத்தைக் காட்டலாமா? உங்களுடையது அதைவிடப் பழையது.

பெரியமீசை:
அனுபவம் பழசாக ஆக ஏறும். கணக்கு பழசாக ஆக இறங்கும். மேலும் 41.7 என்றால் மீதி 58.3 சதவீதப் பூனைக்குப் படம் வீண் என்றுதானே அர்த்தம்? நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள்.

மூன்றுகால்மேசை:
என் பூனை அந்த 41.7-க்குள் இருந்தது. அதை முன்னாலேயே விரல் சொல்லுமா?

கடைவாய்:
ஒரு சந்தேகம். பெரியமீசை ஐயா பல் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசுகிறார். மூன்றுகால்மேசை பல் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் வேறு வேறு இல்லையா? முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னால்…

பெரியமீசை:
நான் எல்லாவற்றையும் பற்றித்தான் பேசுகிறேன்.

மூன்றுகால்மேசை:
நானும்தான். அவர் பேச்சை மாற்றப் பார்க்கிறார், நீங்கள் உதவி செய்கிறீர்கள்.

பெரியமீசை:
சுத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மயக்க மருந்தே இல்லாமல் பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி விடுகிறார்கள். பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்தால் போதும். பில் பாதிகூட வராது. இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்துப் பூனை எழுந்திருக்கவில்லை என்றால் யார் பொறுப்பு?

கிளினிக்உள்ளே:
விழித்திருக்கும் பூனைக்குச் சுரண்டினால் வெளியே தெரியும் காரை போகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே கருவியை விட்டால் எந்தப் பூனை சும்மா இருக்கும்? பல் வெள்ளையாகிவிடும், வீட்டுக்காரருக்குத் திருப்தி, உள்ளே அழுகல் அப்படியே. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவ நிபுணர்களின் அமைப்பு (AVDC) இதை வேண்டாம் என்றே சொல்கிறது.

மயக்க மருந்து பயம் நியாயமானதுதான். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை எடுத்த பெரிய கணக்கில் ஆரோக்கியமான பூனைகளில் இறப்பு 0.11 சதவீதம், நோயுற்றவற்றில் 1.4 சதவீதம். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், இதயம் எல்லாம் பார்க்கிறார்கள். அந்த வரியையும் வெட்டக் கூடாது.

பெரியமீசை:
1.4! பார்த்தீர்களா? எழுபதில் ஒன்று! நானாகச் சொல்லவில்லை, கிளினிக்காரரே சொல்கிறார்.

மூன்றுகால்மேசை:
58.3 பெரியது என்று நேற்று சொன்ன மனிதர், இன்றைக்குப் பிழைக்கும் 98.6 சின்னது என்கிறார். அப்புறம், எக்ஸ்ரே இல்லாமல் எடுத்து வேர் நின்றால் மயக்க மருந்து இரண்டு தடவை. உங்கள் எழுபதில் ஒன்றை இரண்டு தடவை சந்திக்க வேண்டும். அதுவும் உங்கள் விரலால்தான்.

சும்மாவந்தேன்:
இவ்வளவு எதற்கு? பல்வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை பொடித்துத் தீனியில்

கிளினிக்உள்ளே:
நிறுத்துங்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், பூனை செத்துவிடும். ஒரு மாத்திரையே போதும், கால் மாத்திரையும் பாதுகாப்பு இல்லை. யாராவது ஏற்கனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பூனைக்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார்.

சும்மாவந்தேன்:
தகவலுக்குத்தான் சொன்னேன்.

வாலாட்டாதவள்:
பெயர் பொருத்தம் பிரமாதம்.

பெரியமீசை:
இதில் மட்டும் கிளினிக்காரர் சொல்வது சரி. நானும் கொடுக்காதே என்றுதான் சொல்லுவேன்.

மூன்றுகால்மேசை:
அப்படியானால் உலர்தீனி இழையில் என்ன சொன்னீர்கள்? உலர்தீனி பல்லைத் தானாகத் தேய்த்துவிடும், டாக்டரே வேண்டாம் என்றீர்கள். பூனை அதை மெல்லாமல் முழுங்குகிறது என்று நான் எழுதியதற்கு “உன் பூனை மண்டு” என்றீர்கள். மறக்கவில்லை.

பெரியமீசை:
மண்டு என்று எழுதவில்லை. மந்தம் என்றுதான் எழுதினேன்.

மூன்றுகால்மேசை:
வாய்க்குள் வேர் அழுகிக்கொண்டிருந்த பூனை மந்தமாகத்தான் இருக்கும்.

நியாயத்தராசு:
எனக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வசதி இல்லாதவர்கள் வளர்க்கலாமா கூடாதா?

வாலாட்டாதவள்:
உங்கள் இரண்டு வயதுக்காரனின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மொத்தம் எத்தனை பல் இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

நியாயத்தராசு:
32.

வாலாட்டாதவள்:
அது உங்களுக்கு. பூனைக்கு 30. மேலே 16, கீழே 14.

பெரியமீசை:
கறுப்பனுக்கு 26தான் இருந்தது. எண்ணியிருக்கிறேன்.

மூன்றுகால்மேசை:
26 குட்டியின் பால்பல் கணக்கு ஐயா. 17 வயதுப் பூனைக்கு 26 என்றால் நாலு பல் எங்கே போனது? ஒன்றும் எடுக்கவில்லை என்றீர்களே. கரைந்து போயிருக்கும். வலித்திருக்கும். பூனை வலியைக் காட்டாது, சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரு படம் எடுத்திருந்தால்…

பெரியமீசை:
கறுப்பனைப் பற்றிப் பேசாதீர்கள்.

மூன்றுகால்மேசை:
நீங்கள்தான் கறுப்பனை இழுத்தீர்கள். இரண்டாவது பதிவிலேயே அவனைத்தான் சாட்சிக்கு நிறுத்தினீர்கள்.

பெரியமீசை:
அவன் என் மடியில் தூங்கியபடி போனான். வலி இருந்தால் தூங்குவானா? நேற்று முளைத்தவர்கள் எனக்குப் பூனையைக் கற்றுத் தர வேண்டாம்.

புதுசு07:
எஸ்டிமேட்டை வரிவரியாகப் பிரித்து வாங்கினேன். எக்ஸ்ரே நான் நினைத்த அளவு பெரிய வரி இல்லை. கூட்டித் தள்ளிய தொகையில் என் கண்ணுக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது. தவணைக்கு மூன்று மாதம் தருகிறார்கள். மீதிக்குத் தங்கையிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை வலி மருந்தை எப்படிக் கொடுப்பது? வாயைத் தொட விடமாட்டேன் என்கிறது.

பெரியமீசை:
எக்ஸ்ரே எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று தொகையைச் சொல்லுங்கள். அப்போது தெரியும் கொள்ளையா இல்லையா என்று.

மூன்றுகால்மேசை:
தொகையைச் சொல்லாதீர்கள் புதுசு, அதை வைத்து இன்னும் நாற்பது பதிவு போடுவார். ஐயா, என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. வேர் விரலுக்குத் தெரியுமா, தெரியாதா?

கிளினிக்உள்ளே:
புதுசு, வாயைத் திறக்க வேண்டாம். கன்னத்தின் ஓரமாக ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துத் திரவமாகக் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஊசி மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் தவணைக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும்.

பெரியமீசை:
கை பழகினால் தெரியும்.

மூன்றுகால்மேசை:
வேர்?

பெரியமீசை:
கை பழகினால் எல்லாம் தெரியும்.

மூன்றுகால்மேசை:
வேர் தெரியுமா என்று கேட்டேன்.