யானியின் அக்ரோபொலிஸ் தொகுப்பு: புதியதா, பழையதா?

கேள்வி: கிரேக்க-அமெரிக்க இசையமைப்பாளர் யானியின் ‘லைவ் அட் தி அக்ரோபொலிஸ்’ தொகுப்பிலுள்ள ‘சான்டோரினி’ என்ற மெட்டு 1986-இலேயே வெளிவந்துவிட்டதால், இதைப் புதிய ஆல்பம் எனக் கொள்ளலாமா?

மறுமொழி 1: மெட்டுகளில் பல பழையவைதாம். ஆயினும், சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியைப் பெரிதும் நம்பியிருந்த அவை, 1993 செப்டம்பரில் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றடியிலுள்ள ஹெரோடிஸ் அட்டிகஸ் திறந்தவெளி அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் பெரிய இசைக்குழுவுடன் இசைப்பதற்காக மாற்றியமைக்கப்பட்டு, 1994-இல் தொகுப்பாக வெளிவந்தன; அவ்வாண்டின் சுற்றுப்பயணமும் அதையொட்டியதே. முறைப்படி இசை பயிலாத யானிக்கு இது சிறிய வேலையன்று.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ‘விதின் அட்ராக்‌ஷன்’ பகுதியில் இசைக்குழுவை நடத்தும் ஷர்தாத் ரோஹானி தாமே வயலினை எடுத்து, வயலின் கலைஞர் கேரன் பிரிக்ஸுடன் மாறிமாறி வாசிப்பதை ஒளிப்பதிவில் பாருங்கள். ஸ்டுடியோவில் அந்தப் போட்டி வாய்த்திராது.

கேள்வி கேட்டவர்: நன்றி. பழைய பதிவையும் அருகருகே வைத்துக் கேட்கிறேன்.