மறு: ‘பிக் பேண்ட்’ – ஜாஸ் பல்லியம் எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். ஜாஸ் இசையில் பதினைந்து பதினேழு பேர் சேர்ந்து வாசிக்கும் ‘பிக் பேண்ட்’ குழுவுக்கு ‘ஜாஸ் பல்லியம்’ (பல + இயம்; இயம் என்றால் இசைக்கருவி) என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

> ‘பேரியம்’ எனலாமே? பெருமை + இயம். சுருக்கமாகவும் இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் வேதியியல் பாடநூலில் அந்தப் பெயரில் ஒரு தனிமம் ஏற்கெனவே இருக்கிறது. படிக்கிறவருக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

> 1930களின் நடன இசைதானே. ‘நடன இசைக்குழு’ போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த சவாய் போன்ற நடன அரங்குகளில் அது வளர்ந்தது உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பதினைந்து பதினேழு பேரை ஊர் ஊராகக் கூட்டிப்போவது கட்டுபடியாகாமல் பல குழுக்கள் கலைந்ததும் உண்மை. ஆனால் இசை அதோடு நிற்கவில்லை. புகழ்பெற்ற குழுத்தலைவர் கவுண்ட் பேசி 1984இல் மறைந்தார். அவர் பெயரிலுள்ள குழு இன்றும் வாசிக்கிறது. தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் கிளப்பில் தொடங்கிய திங்கட்கிழமைக் கச்சேரி இன்றும் தொடர்கிறது. அந்தச் சின்ன நிலவறையில் ஆட இடமில்லை, கேட்பதற்காகத்தான் வருகிறார்கள்.

அப்படிக் கேட்க வைப்பது எது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். வழக்கமான அமைப்பில் ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன்; கூடவே பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். சாக்ஸபோன்கள் ஒரு சின்ன இசைத்துணுக்கை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன் இடைவெளியில் டிரம்பெட்டுகள் வேறொன்றால் பதில் சொல்லும். டிராம்போன்கள் மூன்றாவதாக ஒன்றைக் கீழிருந்து சேர்க்கும். கவுண்ட் பேசியின் குழு பல பாடல்களை எழுதி வைக்காமல் இப்படியே மேடையில் கட்டியது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஃப்ரெடி கிரீனின் கிட்டார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மீட்டு. 1937இல் சேர்ந்தவர், 1987இல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அந்தக் கிட்டார் தனியாகக் காதில் விழுவது அரிது. ஆனால் குழு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

> சிம்ஃபனிக்குப் ‘பல்லியம்’ என்று வைத்துவிட்டோமே?

வைத்தோம். அதனால்தான் ‘ஜாஸ்’ என்ற அடையோடு சொல்கிறேன். இன்னொரு பெரிய குழுத்தலைவரான டியூக் எலிங்டனும், கவுண்ட் பேசியும் தங்கள் குழுவை ஆர்க்கெஸ்ட்ரா என்றே அழைத்தார்கள். வேறுபாடு உள்ளே இருக்கிறது. சிம்ஃபனியில் பல வயலின்கள் ஒரே வரியை வாசிக்கும்; இங்கே பெரும்பாலும் ஆளுக்கொரு வரி. ஆள் மாறினால் ஒலியே மாறிவிடும். எலிங்டன் கருவிக்கு எழுதாமல் ஆளுக்கு எழுதினார். ஹாரி கார்னி 1927இலிருந்து 1974இல் எலிங்டன் மறையும்வரை அவருடன் பாரிட்டோன் சாக்ஸபோன் வாசித்தார்.

சரி, உறுப்புச் சொற்களுக்கு வருகிறேன். ஒரே வகைக் கருவிகள் சேர்ந்த செக்‌ஷனுக்கு ‘அணி’: டிரம்பெட் அணி, சாக்ஸபோன் அணி. மேலே சொன்ன, திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கான ரிஃபுக்கு ‘அடுக்கு’, இலக்கணத்தில் அடுக்குத்தொடர் உண்டு, அணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் அதில் வந்துவிடுகிறது. பாடலின் அமைப்பை ஒருமுறை முழுதாக வாசித்து முடிக்கும் கோரஸுக்குச் ‘சுற்று’. 1956இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வெஸ் தொடர்ந்து 27 சுற்றுகள் டெனர் சாக்ஸபோன் வாசித்தார், கூட்டம் எழுந்து ஆடியது. ‘27 கோரஸ்’ என்று எழுதினால் வாசகர் சேர்ந்து பாடுவதாக எடுத்துக்கொள்வார். ‘சுற்று’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

ஜாஸின் தாள நடையான ஸ்விங்கை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். ‘ஊசல்’ கடிகாரத்துக்குப் போகிறது, ‘துள்ளல்’ கலிப்பாவின் ஓசையாகிவிடுகிறது. அப்புறம், ஷவுட் கோரஸுக்கு, அதாவது முடிவுக்கு முன் எல்லா அணிகளும் முழு வீச்சில் வாசிக்கும் இடத்துக்கு, ‘முழக்கச் சுற்று’ என்று வைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.